சீப்பக்கா இழுத்துப் பார்க்காத தலை

சீப்பக்காவின் கடைக்குப் புருவம் திருத்தப் போனால்கூட ஒரு முடியைப் பறிகொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்ததும் காதுக்குப் பின்னாலிருந்து ஒற்றை முடியைச் சுள்ளென்று பிடுங்குவார். கிண்ணத்துத் தண்ணீரில் நனைப்பார். இரண்டு கைக் கட்டைவிரல் நகங்களிலும் அதன் முனைகளைப் பிடித்துக்கொண்டு மெல்ல இழுப்பார். நல்ல முடியென்றால் நனைந்திருக்கும்போது தன் நீளத்தில் கால்வாசிக்கு மேல் நீளும். விட்டதும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். கெட்ட முடி போகிற போக்கில் நீண்டுகொண்டே போய், மென்று துப்பிய சூயிங்கம் மாதிரி தொய்ந்து அறுந்துவிடும்.

"எனக்குப் புருவம் மட்டும்தாங்க."

"இருக்கட்டும்" என்பார் சீப்பக்கா.

"கூரியர் குடுக்க வர்றவரு இப்பல்லாம் வாசல்லயே நின்னுக்கிறாரு அக்கா. உள்ள வந்தா தாடியிலேருந்து ஒண்ணு போயிடும்னு பயம்" என்பாள் நூல்காரி. புருவத்துக்கு நூல் போடுவது அவள் வேலை. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டே ஊர்க்கதை முழுவதையும் பேசி முடிக்கத் தெரிந்தவள்.

இந்தப் பிடுங்கல் முன்பு எல்லாருக்கும் கிடையாது. முடியை நேராக்க வருகிறவர்களுக்கு மட்டும்தான். ஒரு தலையை இழுத்துப் பார்க்காமல் விட்டதற்குப் பிறகே, வருகிற தலையையெல்லாம் சீப்பக்கா இழுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

கொண்டையில் எப்போதும் ஒரு வால்சீப்பு செருகியிருக்கும். பெயர் அதனால் வந்தது. தூங்கும்போதும் எடுப்பதில்லை என்று பேச்சு. வீட்டு முன்னறையில் ஒரு நிலைக்கண்ணாடி, ஒரு மடக்கு நாற்காலி என்று தொடங்கிய கடை, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே மூன்று நாற்காலியும் தலை கழுவும் தொட்டியும் வைத்த கடையாக வளர்ந்திருந்தது. கணவர் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவர், இப்போது இல்லை. குழந்தையும் இல்லை. இரண்டு தெரு தள்ளித் தங்கை இருந்தாள். அவளுக்கு ஒரே மகள். அக்காள் தங்கை இருவர் வீட்டுக்கும் சேர்த்து அந்த ஒரு பிள்ளைதான். பிறக்கும்போதே தலை நிறைய வளையம் வளையமாக முடி. அதனால் சுருட்டை என்று கூப்பிட்டார்கள். வளர்ந்து பட்டம் வாங்கிய பிறகும் அதுவே நிலைத்துவிட்டது.

முடி நேராக்குவதில் சீப்பக்கா கைதேர்ந்ததற்குக் கை மட்டும் காரணமில்லை, வாயும் ஒரு காரணம். சுற்றுவட்டாரக் கடைக்காரர்களை இவர் கடையில் கூட்டிவைத்துச் செய்முறை காட்ட, கிரீம் கம்பெனியிலிருந்து ஓர் இளைஞன் வந்திருந்தான். மற்ற கடைக்காரர்கள் எத்தனை நிமிஷம், எத்தனை கரண்டி என்று கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தபோது இவர் மட்டும் கேட்டார்: "தம்பி, இஸ்திரி போட்டு நேராக்கினா மழை வந்ததும் சுருண்டுக்குது. இந்தக் கிரீம் போட்டா மட்டும் ஏன் சுருள மாட்டேங்குது? ரெண்டும் ஒரே முடிதானே?"

அந்தக் கேள்விக்காகவே ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தவன் போல அவன் முகம் மலர்ந்துவிட்டது. வரைவதற்கு எதுவும் அகப்படாமல், உதட்டுச் சாயம் ஒன்றை எடுத்துக் கண்ணாடியிலேயே ஓர் ஏணி வரைந்தான்.

"முடிக்குள்ள நீள நீளமா புரதச் சங்கிலிங்கம்மா. சங்கிலிக்கும் சங்கிலிக்கும் நடுவுல ஏணிப்படி மாதிரி குறுக்குக் கட்டு. ஒரு வகைக் கட்டு ரொம்ப லேசு. தண்ணி பட்டா விடும், காஞ்சா எந்த நிலையில இருக்கோ அப்படியே பிடிச்சுக்கும். உங்க இஸ்திரி அதத்தான் பிடிக்குது. மழை அதத்தான் அவுக்குது."

"இன்னொரு வகை?"

"அது கந்தகக் கட்டு. இந்தச் சங்கிலியில ஒரு கந்தகம், அந்தச் சங்கிலியில ஒரு கந்தகம், ரெண்டும் கை கோத்துக்கிட்டு நிக்கும். தண்ணிக்கெல்லாம் மசியாது. முடி சுருட்டையா நேரான்னு வெச்சிருக்கிறது அதுதான். இந்த நீல மூடிக் கிரீம் அந்தக் கைய விலக்கிவிடுது. நீங்க நேரா இழுத்துச் சூடு குடுக்கறீங்க. அப்புறம் ரெண்டாவது மருந்து ஊத்தினா, புது இடத்துல திரும்பவும் கை கோத்துக்குது."

"அப்ப நகம்? அதுவும் முடி மாதிரிதான் வெட்ட வெட்ட வளருது."

"அதே வகைப் புரதந்தாம்மா. தோலோட மேல்படலமும் அதுதான். கந்தகக் கட்டு கம்மியா இருந்தா மெத்துன்னு தோல். கூடினா முடி, நகம், மாட்டுக் கொம்பு. சரக்கு ஒண்ணு, கட்டு வேற."

அன்று முழுவதும் சீப்பக்கா தன் உள்ளங்கையையும் நகத்தையும் மாறி மாறித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியிலிருந்த ஏணியை அழிக்க நூல்காரிக்கு அரைநாள் பிடித்தது.

கிளம்பும்போது அந்த இளைஞன் அலமாரியைப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னான். அங்கே பழைய கிரீம் இருந்தது, சிவப்பு மூடி. சுண்ணாம்பு மாதிரி எரிகிற காரச் சரக்கு.

"இது வேலை செய்யற விதமே வேற. கை கோத்த ரெண்டு கந்தகத்துல ஒண்ணப் பிடுங்கிப் போட்டுடும். மிச்சம் இருக்கிற ஒண்ணு ரெண்டு பக்கமும் ஒட்டிக்கும், அது திரும்ப அவிழவே அவிழாது. பாக்க நேரா அழகாத்தான் இருக்கும், ஆனா நல்ல படி பாதிகூட இருக்காது. அந்த முடியில இந்த நீல மூடி பட்டா, மிச்சமிருக்கிற படியும் போயிடும். அப்புறம் அது ஏணி இல்ல, ரெண்டு கம்பு. அதனால யார் வந்தாலும் முன்னாடி என்ன போட்டாங்கன்னு கேளுங்க. மறந்திருப்பாங்க, இல்ல பொய் சொல்லுவாங்க. அதனால இழுத்தும் பாருங்க."

அன்றிலிருந்து சிவப்பு மூடியை சீப்பக்கா தொடவில்லை. நேராக்க யார் வந்தாலும், "இதுக்கு முன்னாடி நேராக்கியிருக்கீங்களா? எங்க போட்டீங்க? என்ன கிரீம்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்பார். பிறகு பிடுங்கல். ஒரு தலையும் கெடவில்லை.

பக்கத்துக் கல்லூரியில் பட்டமளிப்பு விழாவுக்கு முந்தின நாள் கடையில் நிற்க இடமில்லை. மூன்று நாற்காலியிலும் ஆள், வாசல் படியில் ஆள், ஒருத்தி தண்ணீர்ப் பீப்பாய் மேல் உட்கார்ந்திருந்தாள். இஸ்திரிக் கருவி சூடாகிச் சூடாகித் தானாகவே அணைந்தது. அந்த நேரம் பார்த்து சுருட்டை வந்து நின்றாள்.

"பெரியம்மா, திங்கட்கிழமை நேர்காணல். தலையப் பாருங்க, காக்கா கூடு மாதிரி இருக்கு."

"ஏண்டி, கூட்டத்தப் பாத்தியா? காலையில ஒரு போன் போட்டா என்ன?"

"சொந்தப் பெரியம்மா கடைக்கு டோக்கன் வாங்கிட்டு வரணுமா?"

"வாயப் பாரு. உக்காரு."

உட்கார வைத்துப் பின்னலை அவிழ்த்து நீல மூடியைத் திறந்தார் சீப்பக்கா. நூல்காரி பல்லில் நூலோடு திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, இழுத்துப் பாக்கல?"

"என் கையால போட்ட தலைடி இது. எனக்குத் தெரியாதா?"

தெரிந்திருக்க வேண்டும்தான். ஒன்றரை வருஷத்துக்கு முன்பு, சுருட்டை கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, இதே நாற்காலியில் உட்கார வைத்து அவள் முடியை முதல்முறை நேராக்கியதும் இதே கைதான். அது கம்பெனி இளைஞன் வருவதற்கு முந்தின மாதம். அன்று திறந்தது சிவப்பு மூடி. ஆனால் இடைப்பட்ட நாளெல்லாம் நீலத்தையே திறந்து திறந்து, அதற்கு முன் வேறொன்று இருந்ததே கைக்கு மறந்துபோயிருந்தது. அசலூர்ப் பெண் ஒருத்தி வந்திருந்தால் மூன்று கேள்வியும் கேட்டிருப்பார். சொந்தப் பிள்ளையிடம் போய் யார் கேட்பார்கள்? வேரிலிருந்து நுனிவரை வழித்துத் தடவினார்.

தொட்டியில் தலையைச் சாய்த்துத் தண்ணீர் விட்டபோது, கையில் முடி கனத்தது. பிறகு கனம் குறைந்தது. தண்ணீரோடு சேர்ந்து முடி நழுவிக்கொண்டிருந்தது, ஒன்றிரண்டு இல்லை, கொத்துக் கொத்தாக, ஊறிய நூடுல்ஸ் மாதிரி. தொட்டியின் சல்லடை அடைத்துக்கொண்டது.

எல்லாமே ஒரே இடத்திலிருந்து தொடங்கி அறுந்திருந்தது. வேரிலிருந்து ஒரு ஜாண் வரை முடி நன்றாக நின்றது. அதற்குக் கீழேதான் ஒன்றுமில்லை. ஒரு ஜாண் என்பது முடிக்கு ஒன்றரை வருஷ வளர்த்தி. முடியை அளந்தே காலம் சொல்லக்கூடியவர் சீப்பக்கா. பார்த்த மாத்திரத்தில் சிவப்பு மூடி கண் முன்னால் வந்து நின்றது. நின்றிருக்கிற முடியையாவது காப்பாற்ற வேண்டுமென்று இரண்டாவது மருந்தை எடுத்து ஊற்றினார்.

சுருட்டை தலையைத் தூக்கித் தொட்டியைப் பார்த்தாள். வாசல் படியில் இருந்தவர்கள்கூட எழுந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி தன் முடியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"வீட்ல தலைக்கு என்னடி வெச்ச?" சீப்பக்காவின் வாயிலிருந்து அதுதான் வந்தது.

"முட்டை... எலுமிச்சம்பழம்... போன்ல ஒரு வீடியோல..."

"அதான்."

அவர் சொன்ன பொய் அந்த ஒரு சொல்தான். பிறகு அதைப் பெரிதாக்க அவர் எதுவும் செய்யத் தேவைப்படவில்லை, மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். வாசலில் இருந்தவர்கள் "அப்படியா" என்றார்கள். ஒருத்தி தனக்குத் தெரிந்த இன்னொரு முட்டைக் கதையைச் சொன்னாள். பொத்தியிருந்த கையை மற்றவள் எடுத்தாள். கடை மூச்சுவிட்டது. சாயங்காலத்துக்குள் கதை தங்கை வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

முட்டையும் எலுமிச்சையும் ஜாண் அளந்து அறுக்காது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் வாயைத் திறக்கவில்லை.

சுருட்டை கழுத்தளவு முடியோடு நேர்காணலுக்குப் போய் வந்தாள். அதற்கடுத்த வாரம் பழம் வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"அத்தனை பேரு முன்னாடி உங்க பேரக் கெடுத்துட்டேன் பெரியம்மா. மன்னிச்சிருங்க."

"விடுடி, விடு" என்றார் சீப்பக்கா. பழத்தை வாங்கிக்கொண்டார். வாங்காமல் இருக்க என்ன காரணம் சொல்வது?

அதன் பிறகு அவரால் முட்டை சாப்பிட முடியவில்லை. முட்டைக்குள் இருப்பதும் கந்தகம், கிரீம் டப்பாவைத் திறந்ததும் வரும் வாடையும் அதுதான். முன்பெல்லாம் அந்த வாடை மூக்கில் ஏறியதே இல்லை. அலமாரியின் பின்வரிசையில் சிவப்பு மூடி டப்பா ஒன்று அரைகுறையாகக் கிடந்தது. அதைப் பழந்துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, சொந்தத் தெருக் குப்பைத்தொட்டியைத் தாண்டி, சந்தைக்கு அந்தப் பக்கத்துத் தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டார். திரும்பி வந்தால், டப்பா இருந்த இடத்தில் தூசி படியாத வட்டம் ஒன்று பளிச்சென்று தெரிந்தது.

நூல்காரி அந்த வட்டத்தைப் பார்த்தாள், சீப்பக்காவைப் பார்த்தாள்.

"இங்க ஒரு டப்பா இருந்துச்சே அக்கா."

"பழசு. தூக்கிப் போட்டேன்."

"ம்."

அவள் வாய் சும்மா இருந்தது அன்று ஒரு நாள்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது சீப்பக்காவுக்கு.

பிடுங்கல் அந்த வாரம்தான் தொடங்கியது. புருவத்துக்கு வந்தாலும், நகம் வெட்ட வந்தாலும், ஒரு முடி.

இரண்டு மாதம் கழித்துச் சுருட்டைக்கு வேலை உத்தரவு வந்தது. தூரத்துத் துறைமுக ஊர். சரக்குக் கப்பல் அலுவலகம். அங்கேயே பெண்கள் விடுதியில் தங்க வேண்டும். செய்தி கேட்டதும் சீப்பக்கா கடையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினார். தங்கை வரவேற்பறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சுருட்டை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"எப்பக் கிளம்பணும்?"

"கிளம்பல" என்றாள் தங்கை. "வரலைன்னு சொல்லிடச் சொல்லிட்டேன். நாளைக்குள்ள பதில் சொல்லணுமாம்."

"பைத்தியமாடி உனக்கு? எவ்வளவு நல்ல வேலை."

"அக்கா, தன் தலையையே பாத்துக்கத் தெரியாதவ, தனியா போயி என்னத்தக் கிழிக்கப் போறா? எவனோ வீடியோல சொன்னான்னு முட்டைய ஊத்திக்கிட்டு வந்தவ. நாளைக்கு எவனாவது வேற ஏதாவது சொல்லுவான், அதுக்கும் தலையாட்டுவா."

"ஒரு முட்டைக்குப் போயி..."

"ஒரு முட்டையா? தொட்டி நெறைய முடி கெடந்துச்சுன்னு ஊரே சொல்லுச்சு. நீதானே கண்டுபிடிச்சுச் சொன்ன? நீ சொல்லலைன்னா எங்க யாருக்குத் தெரியும்?"

சீப்பக்கா சுருட்டையைப் பார்த்தார். சண்டை போடுவாள் என்று நினைத்தார். டோக்கன் வாங்கணுமா என்று கேட்ட வாய் அது.

"அம்மா சொல்றதும் சரிதான் பெரியம்மா" என்றாள் சுருட்டை. "எனக்கே என் மேல நம்பிக்கை வரல. எதத் தொட்டாலும் கெடுத்துருவேனோன்னு இருக்கு."

சீப்பக்கா எழுந்து போய்ச் சமையலறையிலிருந்து ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்துவந்தார். சுருட்டையின் தலையிலிருந்த துண்டை அவிழ்த்தார். ஒரு முடியைப் பிடுங்கினார்.

"ஆ! என்ன பெரியம்மா?"

"பாரு." நனைத்து இழுத்தார். நீண்டது, விட்டதும் திரும்பியது. "நல்ல முடி. நீ முட்டை வெச்சது இந்த முடி மேலயும்தானே? வேர்லேருந்துதானே பூசின?"

"ஆமா."

"அப்ப இது ஏன் அறுந்து போகல? கீழ மட்டும் ஏன் அறுந்துச்சு? ஜாண் அளந்த மாதிரி?"

தங்கை மடித்துக்கொண்டிருந்த துணியோடு கையை நிறுத்தினாள்.

"ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி நான் போட்டது வேற கிரீம். அதுமேல இது படவே கூடாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அன்னைக்குக் கேக்காம, இழுத்துப் பாக்காம, நுனி வரைக்கும் தடவிட்டேன். முட்டைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நான்தான்."

தெருவில் யாரோ பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அது முடிந்து வண்டி நகர்ந்து போனது.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?" என்றாள் சுருட்டை.

"தொட்டியில பாத்தப்பவே."

"அதுக்கு அப்புறந்தான் வீட்ல என்ன வெச்சன்னு கேட்டீங்க."

"ஆமா."

"நான் பழம் வாங்கிட்டு வந்தேன்."

சுருட்டை எழுந்து உள்ளறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள், ஓங்கிச் சாத்தவில்லை, மெதுவாகத்தான்.

தங்கை துணியை மடியில் வைத்துக்கொண்டு அக்காளையே பார்த்தாள்.

"அன்னைக்கு ராத்திரி அவள அடிச்சேன்கா" என்றாள். "தோளுக்கு மேல வளந்த பிள்ளைய."

பிறகு துணியை எடுத்து மறுபடி மடித்தாள். மடித்ததையே அவிழ்த்து மடித்தாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லவில்லை. அந்த வீட்டிலிருந்து சாப்பிடாமல் சீப்பக்கா திரும்பியது அதுதான் முதல்முறை.

மறுநாள் கடையில் ஆள் இருக்கும்போதே நூல்காரியிடம் விஷயத்தைச் சொன்னார். தொட்டிக்கு எதிர் நாற்காலியில் இருந்த அம்மாள் ஒரு கணம் யோசித்துவிட்டு, தலைக்கு இன்னொரு நாள் வருகிறேன் என்று எழுந்துபோனார். அவரோடு இன்னும் சிலரும் வருவதை நிறுத்தினார்கள். நூல்காரி மட்டும், "ஒருவழியா வட்டத்துக்குப் பதில் கெடச்சுது" என்று சொல்லிவிட்டு, ஈரத்துணியால் அலமாரியைத் துடைத்தாள்.

தங்கையிடமிருந்து போன் வரவில்லை. சுருட்டை வேலைக்குப் போகிறாள், பெட்டி வாங்கியாயிற்று என்பதையே பால்காரர் சொல்லித்தான் சீப்பக்கா தெரிந்துகொண்டார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் கதவு திறந்தது. சுருட்டை. "பெரியம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே நுழைகிறவள், கூப்பிடாமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"முடி வெட்டணும். கிரீம் பட்டது எல்லாம் போகணும். அதுக்கப்புறம் முளைச்சது மட்டும் இருந்தா போதும்."

"ரெண்டு விரல் கிடைதான்டி இருக்கும்."

"பரவால்ல."

சீப்பக்கா தோளில் துணி போர்த்தினார். கொண்டையிலிருந்து சீப்பை உருவினார். கத்தரியை எடுக்கப்போன கையைச் சுருட்டையின் குரல் நிறுத்தியது.

"கேக்க மாட்டீங்களா? எல்லாரையும் கேப்பீங்களே."

நூல்காரி பல்லிலிருந்த நூலை எடுத்தாள். சீப்பக்கா கத்தரியைக் கீழே வைத்தார். காதுக்குப் பின்னாலிருந்து ஒரு முடியை எடுத்துக் கிண்ணத்தில் நனைத்தார். கட்டைவிரல் நகங்களில் பிடித்து இழுத்தார். கடைக்கு முதல்முறை வருகிற யாரிடமோ கேட்பது போலக் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி நேராக்கியிருக்கீங்களா?"

"ரெண்டு தடவை."

"எங்க போட்டீங்க?"

"பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல. சீப்பக்கான்னு ஒருத்தங்க."

"என்ன கிரீம்னு... ஞாபகம் இருக்கா?"

"எனக்குத் தெரியாதுங்க. அவங்களுக்குத் தெரியும்."

சீப்பக்கா தலையாட்டினார். நகத்திலிருந்த முடியை விட்டார். அது தன் அளவுக்குச் சுருங்கி, வேர்ப்பக்கம் ஒரு சின்ன வளைவோடு துணிமேல் விழுந்தது. பிறகு சீப்பால் ஒரு வகிடு எடுத்து, கத்தரியைக் கையில் எடுத்தார்.